அடித்தல் ஒன்று, திருத்தல் இல்லை

இரண்டு பேர் உட்காரும் இருக்கைக்கு ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டுக் கண்டக்டர் முன்னால் போய்விட்டார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. ஆனாலும் ஏறினவர்கள் எத்தனை பேர் என்று மேலிடத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே, அதற்காகத் தலைக்கு ஒரு சீட்டு கொடுப்பார்கள். தலைக்கு ஒன்று. ஜன்னலோரம் தனபாக்கியம், இந்தப் பக்கம் அவளுடைய நாத்தனார் குணவதி; ஆக இரண்டு தலை. ‘ஐயா, எனக்கு?’ என்று கேட்டால் போயிற்று. தனபாக்கியம் கேட்க வாயைத் திறந்தாள், அதற்குள் அவர் பள்ளிக்கூடப் பெண்கள் நிற்கும் இடத்துக்குப் போய்விட்டார். எழுபதைத் தாண்டிய இந்த வயது வரைக்கும் அவள் வாய் திறந்த இடங்களில் பாதி இப்படித்தான். சொல் நாக்கின் நுனிக்கு வருவதற்குள் எதிரில் நின்றவர் நகர்ந்துவிடுவார், பிறகு அந்தச் சொல்லை விழுங்கிக்கொள்ள வேண்டியதுதான். விழுங்கிய சொற்கள் எல்லாம் எங்கே போகின்றன? வயிற்றில்தான் இருக்க வேண்டும், கிணற்றில் விழுந்த சொம்புகளைப் போல ஒன்றின் மேல் ஒன்றாக. கூட்டம், அதனால் கவனித்திருக்க மாட்டார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு போட்டிருக்கும் இந்தக் கறுப்புக் கண்ணாடியால் முகத்தில் பாதி மறைந்திருக்கும், அதனாலும் இருக்கலாம். குணவதி அந்த ஒற்றைச் சீட்டை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்தாள். ‘என்னப்பா, ஒண்ணுதான் குடுத்திருக்கே?’ என்று அவளாவது கேட்டிருக்கலாம். காய்கறிக்காரனிடம் கறிவேப்பிலைக்காக அவ்வளவு சண்டை போடுகிறவள். கேட்கவில்லை. ஏதோ எல்லாம் சரியாக இருப்பதுபோல வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மடியில் பிளாஸ்டிக் உறை. உள்ளே வீட்டுப் பத்திரத்தின் நகல், ஆதார் அட்டை, வீட்டுக்காரர் வரதராஜுலுவின் இறப்புச் சான்றிதழ். இன்றைக்கு அந்த வீட்டைக் குணாவின் பேருக்கு உயில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நோட்டரி வக்கீலிடம் முத்திரை வாங்கப் போகிறார்கள். வின்டர்பேட்டையில் ரயில் தண்டவாளத்தை ஒட்டிய வீடு, அப்பா தனபாக்கியத்துக்கு எழுதி வைத்துவிட்டுப் போனது. எழுதின வாரமே போனார் என்பதை நினைக்கக் கூடாது என்று பஸ் ஏறும்போதே முடிவு செய்திருந்தாள். நினைக்கக் கூடாது என்று எடுத்து வைத்ததுதான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பிள்ளை குட்டி கிடையாது. ஒன்றும் எழுதாமல் கண்ணை மூடினால் பிறந்த வீட்டுச் சொத்து என்று அவளுடைய அண்ணன் மகன் லோகநாதன் வந்து நிற்பான். போன தீபாவளிக்கு ஸ்வீட் பெட்டியோடு வந்தவன் சட்டைப் பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்துக் கூடத்துச் சுவரை அளந்தான். ‘சும்மாதான் அத்தை, சுவர் இறங்கியிருக்கான்னு பார்த்தேன்’ என்றான். பிறகு அடுப்படியில் போய், ‘குணா அத்தை, அப்புறமா நீங்க எங்க இருக்கறதா யோசனை?’ என்று கேட்டான். அப்புறமா. எதற்கு அப்புறம் என்று அவனும் சொல்லவில்லை, குணாவும் கேட்கவில்லை. அவள் பாட்டுக்கு அதிரசத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி ஆறு மாதத்தில் திரும்பி வந்தவள், அண்ணனோடு இருந்து, அண்ணன் போன பிறகு அண்ணியோடு இருந்து, அறுபத்தெட்டு வயதில் சர்க்கரையும் மூட்டு வலியுமாக எங்கே போவாள்? கிறிஸ்துவ சாமியார்கள் நடத்தும் விடுதி ஒன்று இருக்கிறதாம். அங்கே ஒரு கட்டிலும் ஒரு டிரங்குப் பெட்டியும் தருவார்களாம். அன்று இரவு தனபாக்கியம் தம்ளர்களைக் கவிழ்த்து வைக்கும்போது எண்ணினாள். தட்டு இரண்டு, தம்ளர் இரண்டு, பலகை இரண்டு, ஆணியில் துண்டு இரண்டு. இந்த இரண்டில் ஒன்றை எடுத்தால் மீதி ஒன்றாவது இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. எழுதிவிடலாம் குணா என்றாள். எதை அண்ணி என்றாள் குணா. வீட்டை. ‘எனக்குப் பின்னாடி’ என்று சேர்த்துக்கொள்ளப் போனபோது குணா எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

குணாவின் வாயில் சில சொற்கள் வராது. விளக்கை அணை என்று சொல்ல மாட்டாள், குளிர வைங்க என்பாள். அரிசி தீர்ந்துவிட்டால் அரிசி நிறைஞ்சிருக்கு அண்ணி என்பாள், புதிதாக வந்தவர்கள் யாராவது கேட்டால் மூட்டை மூட்டையாக இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். பாம்பு அவளுக்குப் பூச்சி. கிளம்பும்போது போறேன் என்றால் காதைப் பொத்திக்கொள்வாள். நல்ல பழக்கம்தான், வீட்டுக்கு லட்சுமிகரம் என்று அக்கம் பக்கத்தில் சொல்வார்கள். ஆனால் இத்தனை வருஷம் அப்படி ஒருத்தியோடு இருந்தால் ஒன்று ஆகிவிடுகிறது, எது நிறைந்திருக்கிறது எது தீர்ந்திருக்கிறது என்று டப்பாவைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

கோர்ட் வாசலில் டைப் அடிக்கும் கஜேந்திரனின் கடை ஜெராக்ஸ் கடையின் தாழ்வாரத்தில் இருந்தது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வருகிறவர்களுக்கு ஒரு நாற்காலி. குணா நாற்காலியில் உட்கார்ந்தாள், தனபாக்கியம் தூணுக்கு அந்தப் பக்கம் இருந்த ஸ்டூலில். அங்கே நிழல் இருந்தது, வெயில் ஆபரேஷன் கண்ணுக்கு ஆகாது. ‘வாங்கம்மா, நேத்து வந்தீங்களே’ என்றான் கஜேந்திரன். சாலைக்கு அப்பால் பார்த்து, ‘அக்கா, ஒரு டீ’ என்று குரல் கொடுத்தான். ஒரு டீ. வந்தது, குணா குடித்தாள். ‘வாரிசு சர்டிபிகேட் தானே உங்களுது? அண்ணி தவறி எத்தினி நாளாச்சு?’ என்று கேட்டான். தூணுக்குப் பின்னால் தனபாக்கியத்துக்கு முதுகில் ஈரத்துணி போட்டதுபோல இருந்தது. குணா பதில் சொல்ல வேண்டும். குணா டீயை ஊதினாள். எத்தனை நேரம் ஊதினாள்? ஒரு டீயை ஊத ஆகும் நேரம்தான் ஆகியிருக்கும், இருந்தாலும் ஒரு கூட்ஸ் வண்டி முழுசாகக் கடந்து போகிற மாதிரி இருந்தது. ‘வாயைக் கழுவுப்பா. உயில் அது. தோ உக்காந்திருக்காங்க பாரு’ என்றாள் குணா கடைசியில். கஜேந்திரன் எட்டிப் பார்த்தான். ‘அட, தூண் மறைச்சிடுச்சும்மா! நாளெல்லாம் சாவுக் காகிதமா அடிச்சு அடிச்சு எனக்கு மண்டை அப்படி ஆயிடுச்சு, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு நூறு ஆயுசு. டீ சொல்லட்டுமா?’ வேண்டாம் என்று அவள் தலை தானாக ஆடியது. வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஆடியது. வயிற்றில் சூடாக ஏதாவது இறங்கினால் தேவலை என்று நினைத்துக்கொண்டேதான் அது இரண்டு பக்கமும் ஆடியது.

முத்திரைத்தாளில் அடித்து எடுத்த உயிலை அவன் நீட்டினான். உயிலுக்கு முத்திரைத்தாளே தேவையில்லையாம், ஆனால் வெள்ளைத்தாளில் எழுதினால் ஜனங்கள் நம்ப மாட்டேன் என்கிறார்களாம். நேற்று வெள்ளைத்தாளில் ஒரு மாதிரி அடித்துக் குணாவிடம் கொடுத்திருந்தான், ராத்திரி குணாதான் அதைத் தனபாக்கியத்துக்குப் படித்துக் காட்டினாள். ‘மாதிரி சரியா இருக்குன்னு சொல்லிட்டீங்களே’ என்றான் கஜேந்திரன். ஆனாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தன் கண்ணால் ஒரு தடவை பார்க்காமல் தனபாக்கியம் எதிலும் போட்டதில்லை, கேஸ் சிலிண்டர் சீட்டில்கூட. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, ஆபரேஷன் செய்யாத கண்ணுக்கு அருகே தாளைப் பிடித்து, விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தாள். வின்டர்பேட்டை, இத்தனாம் எண் வீட்டில் வசிக்கும், காலஞ்சென்ற கோவிந்தசாமி அவர்களின் மகளும், அது அப்பா, சரி, காலஞ்சென்ற வரதராஜுலு அவர்களின் மனைவியுமான, அது அவர், அதுவும் சரி, காலஞ்சென்ற தனபாக்கியம் ஆகிய நான், முழு சுயநினைவுடனும், நல்ல மனநிலையிலும், பிறருடைய தூண்டுதல் இன்றியும். விரல் முன்னால் போயிற்று, கண் மட்டும் பின்னால் நின்றுவிட்டது. காலஞ்சென்ற தனபாக்கியம் ஆகிய நான். இதில் எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. ஞ் இருக்கிறது, ற இருக்கிறது. காலம் போனவள், ஆகிய நான். நான் என்று சொல்கிறவள் யார்? தாளைத் திருப்பிக் கஜேந்திரனிடம் காட்டி, விரலால் அந்த இடத்தைத் தொட்டாள். அவன் படித்தான், தலையில் அடித்துக்கொண்டான். ‘ரெண்டு காலஞ்சென்ற போட்ட கை மூணாவதையும் போட்டுடுச்சும்மா! புதுத்தாள் வாங்கலாம்னா ஸ்டாம்ப் வெண்டர் மத்தியானம்தான் வருவாரு, வக்கீலம்மா அதுக்குள்ள கோர்ட்டுக்குள்ள போயிடுவாங்க.’ கொஞ்சம் யோசித்தான். ‘அப்படியே விட்டாலும் ஒண்ணும் குடி முழுகிடாது. உயிலுங்கறது என்ன? இதை வெளியே எடுத்து யாராவது படிக்கிற அன்னிக்கு அந்த வார்த்தை சரியாத்தானேம்மா இருக்கும்?’ என்று சொல்லிச் சிரித்தான். ஜெராக்ஸ் கடைப் பெண்ணும் சிரித்தாள். சிரிக்கக் கூடிய விஷயம்தான். அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்பதுதான் தனபாக்கியத்துக்கு ஆகவில்லை. இன்றைக்குப் பொய், அன்றைக்கு நிஜம். இந்தத் தாளுக்கு வாய் வருவதே அன்றைக்குத்தான். அப்படியானால் இன்றைக்கு இதில் கையெழுத்துப் போடப் போகிறவள் எந்த நாளில் உட்கார்ந்திருக்கிறாள்?

ஆனால் குணா படித்தாளே. நேற்று ராத்திரி, டியூப்லைட்டுக்குக் கீழே, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, ஒவ்வொரு வரியாக. காலஞ்சென்ற கோவிந்தசாமி என்பதை அவள் ‘உங்கப்பா’ என்று படித்தாள், வரதராஜுலு என்பதை ‘நம்ம அண்ணன்’ என்று படித்தாள், பிறகு ‘தனபாக்கியம் ஆகிய நான்’ என்று படித்தாள். நடுவில் ஒரு மூச்சு விட்டாள். இப்போது நினைத்துப் பார்த்தால் அந்த மூச்சு இருந்த இடத்தில்தான் அந்தச் சொல் இருந்திருக்கிறது. பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுச் சொல்லாமல் தாண்டியிருக்கிறாள். குணா எதையெல்லாம் சொல்லாமல் தாண்டுவாள் என்று தனபாக்கியத்துக்குத் தெரியும், ஒரு தடவை அவள் அப்படித் தாண்டியதில் ஒரு மத்தியானம் முழுக்க இருந்து பார்த்திருக்கிறாள். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு வந்த அன்று வாசற்படியிலேயே குணா நின்றாள். அண்ணன் அசந்து தூங்கறாரு அண்ணி, எழுப்ப வேணாம். சரி என்று கொலுசு சத்தம் கேட்காமல் நடந்தாள். ரேடியோவைக் குறைத்தாள். அவரைக்காய் நறுக்கினாள், குழம்பு வைத்தாள், நடுவில் இரண்டு தடவை போய்ப் பார்த்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார், பாதம் வெளியே தெரிந்தது, போர்வையை இழுத்து மூடினாள். வெயிலில் வரிசையில் நின்ற கோபத்தை எல்லாம் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து மெல்லிய குரலில் அவரிடம் சொன்னாள், நீங்க வந்திருந்தா அந்த ஆள் அளவைக் குறைச்சிருப்பானா, நீங்க ஒரு வார்த்தை கேட்டிருப்பீங்களே என்றாள். நீங்க, நீங்க என்று எத்தனை தடவை சொன்னாளோ. விளக்கு வைக்கிற நேரத்தில் தூங்கக் கூடாது என்று தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது, சில்லென்று கிடந்தார். திரும்பிப் பார்த்தால் குணா வாசற்படியில் தீப்பெட்டியும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள், குச்சியைக் கிழிக்காமல். அவளுக்கு மத்தியானத்திலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டே குழம்புக்குப் புளி கரைத்துக் கொடுத்தாள், தெரிந்துகொண்டே உப்புப் பார்த்தாள். வாயில் வரவில்லை அண்ணி என்று பிறகு அழுதாள். அதற்காகத் தனபாக்கியம் அவளைக் கோபித்துக்கொண்டதில்லை. அந்த மத்தியானத்தை மட்டும் எங்கே வைப்பது என்று தெரியாமல் இன்னும் வைத்திருக்கிறாள்.

அப்படியானால், என்று நினைப்பு தொடங்கியது, அதை அங்கேயே நிறுத்திவிடலாம் என்று பார்த்தாள், நிற்கவில்லை. அப்படியானால் நேற்றும் குணாவுக்குத் தெரிந்திருக்குமோ. தாளில் இருக்கிற சொல் சரியானதுதான் என்று தெரிந்து, வாயில் வராததால் ஒரு மூச்சு விட்டுத் தாண்டியிருப்பாளோ. எப்போது? கண் ஆபரேஷன் மேஜையிலா? ஊசி போட்டு முகத்தில் பச்சைத்துணியை மூடினார்கள், பத்து நிமிஷ வேலைம்மா என்றார் டாக்டர், அப்புறம் குணாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் வந்தாள். வந்தவள் யார்? அன்றிலிருந்து குணா சத்தம் போடாமல் நடக்கிறாள். டிவியைக் குறைத்து வைக்கிறாள். நீங்க படுங்க அண்ணி, நீங்க எழுந்திருக்க வேணாம் அண்ணி. கால் வெளியே தெரிந்தால் போர்வையை இழுத்து மூடுகிறாள். பைத்தியக்காரத்தனம், கண்ணில் மருந்து விட்டுக்கொண்டிருக்கிற கிழவிக்கு அதைத்தான் செய்வார்கள். சரி, காலையில் எதிர் வீட்டு ரோஸ்மேரி கேட் அருகே என்ன கேட்டாள்? ‘என்ன குணாம்மா, காலங்காத்தால கிளம்பிட்டே?’ கிளம்பிட்டே. ஒருமை. பக்கத்தில் நின்றது தனபாக்கியம். கண்டக்டர் தலைக்கு ஒன்று கொடுத்தார், ஒன்றுதான் கொடுத்தார். ஒரு டீதான் வந்தது. தட்டு இரண்டு வைத்தாளா குணா இன்று? இட்லி சாப்பிட்டது நினைவிருக்கிறது, தட்டு நினைவில்லை. கோர்ட் மரத்தில் காக்கை ஒன்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தது, காக்கை எல்லாரையும்தான் பார்க்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. பிள்ளையில்லாத வீட்டுக்கு ஊர் ஆயிரம் காரணம் சொல்லும் என்று அம்மா சொல்வாள். காரணங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கிறபோதுதான் பயமாக இருக்கிறது. இதில் கையெழுத்துப் போட்டால் அந்தச் சொல்லுக்கும் சேர்த்து ஆமாம் என்று சொன்னதாகாதா? போடாமல் எழுந்து போய்விடலாம். குணாவுக்கு டிரங்குப் பெட்டி. போட வேண்டும். போடக் கூடாது. முழு சுயநினைவுடனும், பிறருடைய தூண்டுதல் இன்றியும்.

நோட்டரி வக்கீலம்மா வேப்பமரத்தடி மேஜையில் இருந்தார். மரத்தில் ஒரு போர்டு தொங்கியது, மேஜையில் சிவப்பு முத்திரைகளும் ஸ்டாம்ப் பேடும். தலையைத் தூக்காமல் ஒவ்வொரு தாளாக வாங்கி முத்திரை அடித்துக்கொண்டிருந்தார். என் முன்னிலையில் கையெழுத்திட்டார் என்று ஒவ்வொரு தாளிலும் வரும் என்று கஜேந்திரன் சொன்னான், ‘ஆள் நேர்ல முன்னாடி நிக்கணும், அந்தம்மா அதுல ரொம்பக் கறார்.’ முன்னிலை. இந்தச் சொல்லை அவள் எங்கேயோ கேட்டிருக்கிறாள், எங்கே என்று தேடினால் எட்டாம் வகுப்பின் சுண்ணாம்பு வாசனை வந்தது. தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மாசிலாமணி ஐயா பலகையில் எழுதினார். நான் என்றால் தன்மை. எதிரே இருக்கிறவனை நீ என்றால் முன்னிலை. இங்கே இல்லாதவனை அவன் என்றால் படர்க்கை. இங்கே இல்லாதவர் யார், இன்றைக்கு வராதது யார் என்று வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தவர், ‘தனபாக்கியம் வரவில்லை. ஆகவே தனபாக்கியம் அவள். அவள் படர்க்கை’ என்றார். தனபாக்கியம் மூன்றாம் பெஞ்சில், உயரமான ஜெயசீலிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். காலையில் பேர் கூப்பிட்டபோது உள்ளேன் ஐயா என்று சொல்லத்தான் செய்தாள், அவருக்குக் கேட்கவில்லை. கையைத் தூக்கியிருக்கலாம். வகுப்பு முழுக்க, அவள் வந்தாள், அவள் போனாள், அவள் உண்டாள் என்று அவளைச் சத்தமாகப் படர்க்கையில் ஓதிற்று. கூச்சத்தில் அவளும் சேர்ந்து ஓதினாள். அவள் வந்தாள், அவள் போனாள். சொல்லச் சொல்ல, நிஜமாகவே வேறு எங்கோ ஒரு தெருவில் பையைத் தூக்கிக்கொண்டு தனபாக்கியம் என்று ஒருத்தி நடந்து போவதுபோல இருந்தது, அவளைப் பற்றித்தான் இங்கே எல்லாரும் பேசுகிறார்கள், பெஞ்சில் இருப்பது அவளைப் பார்த்ததே இல்லாத யாரோ. பள்ளிக்கூடத்துக்கு வரலையாமே, எங்கடி சுத்தினே என்று அப்பா அறைந்தார். இருந்தேன்ப்பா என்றாள். அதுவும் சத்தமாக வரவில்லை.

‘தனபாக்கியம்!’ என்றார் வக்கீலம்மா, தாளைப் பார்த்துக்கொண்டே. தனபாக்கியம் மேஜைக்கு முன்னால் நின்றாள், குணாவும் நின்றாள். ஆமாம்மா என்று சொன்னாள். சொன்னதாகத்தான் அவளுக்குத் தோன்றியது, தொண்டை அசைந்தது. ‘தனபாக்கியம் யாரு? வரலையா?’ என்றார் வக்கீலம்மா மறுபடி, பேனாவின் மூடியைத் தேடிக்கொண்டே. ‘ஆள் வராம நான் முத்திரை போட மாட்டேன், தெரியுமில்ல கஜேந்திரன்?’ கஜேந்திரன் ஜெராக்ஸ் கடையில் சாட்சிக் கையெழுத்துக்கு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான், காதில் விழவில்லை. தனபாக்கியம் குணாவைப் பார்த்தாள். தோ நிக்கறாங்களே என்று ஒரு வார்த்தை. அன்றைக்கு ஜெயசீலி திரும்பிப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. குணா அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள், தீப்பெட்டியும் கையுமாக நின்றபோது பார்த்த அதே பார்வை, உதடு ஒட்டிக்கொண்டு. இவள் சொல்ல மாட்டாள். இருக்கிறாள் என்பதையும் சொல்ல மாட்டாள், இல்லை என்பதையும் சொல்ல மாட்டாள். வக்கீலம்மா தாளை எடுத்து ஓரத்தில் வைத்தார், அடுத்த தாளுக்குக் கை நீண்டது, அது போய்ச் சேர்வதற்குள், வயிற்றின் அடியில் எத்தனையோ காலமாகக் கிடந்த சொம்பு ஒன்று கயிறு இல்லாமலே மேலே வந்தது.

‘உள்ளேன் ஐயா!’

மரத்திலிருந்து காக்கை பறந்தது. டிராபிக் கேஸுக்கு நின்ற பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். வக்கீலம்மா முதல் தடவையாகத் தலையைத் தூக்கினார், கறுப்புக் கண்ணாடியையும் சுருக்குப் பையையும் பார்த்தார், ‘ஐயாவா? நல்லா இருக்கே பாட்டி’ என்று சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தி அந்த வரியைப் படித்தார். ‘இதை அடிச்சிடுங்க. உங்க கையாலயே அடிங்க, பக்கத்துல சுருக்குக் கையெழுத்துப் போடுங்க. கடைசியில அடித்தல் ஒன்று, திருத்தல் இல்லைன்னு எழுதணும். இல்லாட்டி நாளைக்கு யாராவது வந்து நாங்களே அடிச்சுட்டோம்னு பழி போடுவாங்க.’ தனபாக்கியம் பேனாவை வாங்கினாள். காலஞ்சென்ற என்ற மூன்றில் முதல் இரண்டையும் தொடாமல், மூன்றாவதன் மேல் வலமிருந்து இடமாக ஒரு கோடு, அது போதாது என்று இடமிருந்து வலமாக இன்னொன்று. அடித்த பிறகும் தெரிந்தது. கோட்டுக்கு அடியில் ஒவ்வொரு எழுத்தும், வெள்ளைத் துணியைப் போர்த்தினால் மூக்கும் பாதமும் துருத்திக்கொண்டு தெரியுமே அப்படி. இனி எந்தக் காலத்திலும் போகாது, காத்துக்கொண்டு கிடக்கும். கிடக்கட்டும். இன்றைக்கு அது படுத்திருக்கிறது, அவள் நிற்கிறாள். அடித்தல் ஒன்று, திருத்தல் இல்லை என்று ஒற்று விடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கஜேந்திரனும் ஜெராக்ஸ் கடைப் பெண்ணும் அவளைப் பார்த்துக்கொண்டே சாட்சி போட்டார்கள். முத்திரை விழுந்தது. வீடு குணாவுக்கு என்று ஆயிற்று, பின்னாடி.

சாலைக்கு இந்தப் பக்கம், டீக்கடையைப் பார்த்தாற்போல இருந்த சிமென்ட் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியிருந்தது. ‘நேத்துப் படிச்சப்ப அந்த வார்த்தையைப் பார்த்தியா குணா?’ என்று கேட்டாள் தனபாக்கியம். ‘பார்த்தேன்.’ ‘ஏன் படிக்கலை?’ குணா முந்தானையை விரலில் சுற்றினாள். ‘வாய்ல வரலை அண்ணி. பத்திரம்னா அப்படித்தான் போடுவாங்க போலன்னு விட்டுட்டேன். எல்லாருக்கும் போட்டிருந்தானே.’ அவ்வளவுதானா? அவ்வளவுதான் என்று குணாவின் முகம் சொன்னது. குணாவின் முகம் அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது. தனபாக்கியம் குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள். ‘எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்கிட்ட சொல்லிடு. அன்னிக்கு மாதிரி பண்ணாதே. மத்தவங்களுக்கு நீ எப்ப வேணா சொல்லிக்கோ, முதல்ல என்கிட்ட சொல்லிடு.’ இதைக் கேட்டு எவரும் சிரித்திருப்பார்கள். குணா சிரிக்கவில்லை. ஒரு பெரிய பொறுப்பைக் கொடுத்ததுபோல நெற்றியைச் சுருக்கி வெகுநேரம் யோசித்தாள். ‘இல்ல அண்ணி. சொல்ல மாட்டேன். எனக்கு வராது’ என்றாள். ‘அப்ப எனக்கு எப்படிடீ தெரியும்?’ குணா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ‘டீ சொல்றேன், இருங்க’ என்று நடந்தாள். சாலை ஓரத்தில் நின்று டீக்காரியை நோக்கிக் கையைத் தூக்கினாள். பின்னாலிருந்து பார்த்தால் முதுகும் முழங்கையும்தான் தெரிந்தன, எத்தனை விரல் என்று தெரியவில்லை. டீக்காரி தலையாட்டினாள். ஆற்றினாள், மறுபடி ஆற்றினாள். நடுவில் ஒரு லாரி வந்து நின்றுகொண்டு எல்லாவற்றையும் மறைத்தது. லாரி நகர்ந்தபோது டீக்காரி எதிரே வந்துகொண்டிருந்தாள். பெஞ்சில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனாள். இரண்டு கிளாஸ். பெஞ்சுக்குத் திரும்பி வந்த குணா ஒன்றை எடுத்துக்கொண்டாள். மற்றது வைத்த இடத்திலேயே ஆவி விட்டுக்கொண்டிருந்தது. தனபாக்கியம் விளிம்பைப் பிடிக்கவில்லை. சூடு முழுக்க நிற்கிற நடுப்பாகத்தில் ஐந்து விரலையும் சுற்றினாள். சுட்டது. கையை எடுக்கவில்லை.